கேட்டு வராத பதினேழு பொருள்கள்

தேடப்படும் நபர்: ஆண். வயது இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில். மெலிந்த, துரிதமான உடல்வாகு. முகத்தை மறைக்கும் தொப்பி அணிந்திருக்கக்கூடும். தொழில்முறைக் கருவிகள் வைத்திருப்பவர். பின்னால் ஒரு கும்பல் உண்டு. மருத்துவமனை சைக்கிள் நிறுத்தத்தில் வண்டிகளின் பாகங்களைக் கழற்றிக் கள்ளச் சந்தையில் விற்பவர். தகவல் தெரிந்தோர் பாதுகாப்பு அதிகாரியை அணுகவும்.

இந்த அறிவிப்பு சைக்கிள் நிறுத்தத்திலும், மருந்து வாங்கும் கவுன்டர் தூணிலும், ஊழியர் கேன்டீன் கதவிலும் ஒட்டப்பட்டிருந்தது. சொன்னவர் பாதுகாப்பு அதிகாரி. எழுதியவர் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவின் மூத்த எழுத்தர். டாக்டர்கள் நிறைந்த ஒரு கட்டடத்தில் படிக்கும்படி எழுதுகிறவர் அவர் ஒருவர்தான் என்பதால், எந்த அறிவிப்பும் அவர் மேசைக்குத்தான் வரும். 'துரிதமான' என்ற சொல்லுக்கு அடிக்கோடு போட்டால் எடுப்பாக இருக்கும் என்று யோசனை சொன்னவரும் அவரே.

அவருக்கு வயது ஐம்பத்தேழு. ஓய்வுபெற இன்னும் ஐந்து மாதம் இருந்தது. மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று, சுவரிலுள்ள தீயணைப்பு விதிகளைப் படிக்கிற பாவனையில் மூச்சு வாங்கிக்கொள்வார். முப்பத்தோரு வருடமாக ஒரு நாளைக்கு இருமுறை படித்ததில் அந்த விதிகள் அவருக்கு மனப்பாடம். தொப்பி போடுகிற வழக்கம் கிடையாது. அந்தத் தலைக்குத் தொப்பி செய்கிறவர்களும் இல்லை. தேடப்படும் நபர் அவர்தான். இது அப்போது யாருக்கும் தெரியாது. முக்கியமாக, அவருக்குத் தெரியாது.

முகத்துக்கு நேரே எல்லோரும் அவரை 'சார்' என்பார்கள். அந்தப் பக்கம் திரும்பினால் 'ஏழுபூட்டு.'

அவருடைய சைக்கிள் இருபத்திரண்டு வருடப் பழசு. சும்மா கொடுத்தால்கூட வாங்குகிறவர் ஒருமுறை யோசிப்பார். அதை நிறுத்த அவருக்குப் பதினோரு நிமிடம் ஆகும். வண்டியை நிறுத்தத்தின் இரும்புத் தூணோடு சேர்த்து லாடம் போல வளைந்த கனத்த பூட்டு ஒன்று. பின்சக்கரத்துக்கு வண்டியோடு வந்த பூட்டு. அதை நம்ப முடியாது என்பதால் அதே சக்கரத்துக்குச் சங்கிலி போட்டு இன்னொன்று. முன்சக்கரத்துக்கு ஒன்று. இருக்கையிலிருந்து சட்டத்துக்குக் கம்பிக் கயிறு கட்டி ஒன்று. பின்னால் சாமான் வைக்கும் கேரியருக்கு ஒன்று. இது ஆறு. ஏழாவது, மேற்படி பூட்டுகளைக் கொண்டுவருகிற தகரப் பெட்டியைப் பூட்டுவதற்கு. இவ்வளவும் செய்த பிறகு மணியையும் பம்பையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போவார். வண்டியின் எடையைவிடப் பூட்டுகளின் எடை அதிகம் என்று ஒருநாள் மருத்துவமனைத் தராசிலேயே நிறுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டபோது, அவருக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

இதற்கெல்லாம் மூலகாரணம் பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் காணாமல் போன ஒரு மணி. போனது மணி மட்டும்தான். ஆனால் புது மணி வாங்கும்வரை நான்கு நாள், தெருவில் நடப்பவர்களை வாயாலேயே "ஓரம், ஓரம்" என்று விலக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் ஒரு பெண்மணி திரும்பிப் பார்த்து, "ஏன், நீங்கதான் ஓரமாப் போறது" என்றார். அது அவருக்கு ஆறவே இல்லை.

அலுவலகத்தில் அவர் ஆட்சி செய்தது இரண்டாம் மாடியின் பதிவேட்டு அறை. தரையிலிருந்து கூரைவரை அடுக்கு. ஊரில் யாருக்கு எந்த வருடம் எந்த எலும்பு முறிந்தது என்று அங்கே இருக்கும். அந்த அறைக்குள் ஒரு பொருள் வந்தால் அதற்கு ஓர் உறை, ஓர் எண், நோட்டில் ஒரு வரி. சம்பந்தப்பட்டவருக்கு ஒரு சீட்டு. சீட்டோடு கேட்டு வந்தால் பொருள் கிடைக்கும். கேட்டு வராவிட்டால் 'கேட்டு வராதவை' என்ற கடைசி அடுக்குக்குப் போகும். பன்னிரண்டு வருடத்துக்கு முன் யாரோ விட்டுப்போன குடை ஒன்று அந்த அடுக்கில் எக்ஸ்ரே உறைக்குள் பத்திரமாக இருந்தது. அவர் கையில் எதுவும் தொலைந்ததில்லை. அவர் கையில் போனதால் மற்றவர்களுக்கு எது தொலைந்தது என்பது வேறு விஷயம்.

சைக்கிள் நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டவர் டோக்கன் அக்கா. வாசலில் ஒரு முக்காலி, மடியில் பித்தளை டோக்கன்கள் நிறைந்த டப்பா. வண்டிக்கு ஒரு டோக்கன், டோக்கனைத் திருப்பிக் கொடுத்தால் வண்டி. பதினோரு வருடத்தில் ஒரு வண்டியும் போனதில்லை. ஏழுபூட்டைவிட எட்டு வயது இளையவர்தான் என்றாலும் அவருக்கும் அவர் அக்காதான். இருவருக்கும் தினமும் காலையில் ஒரு வழக்கு நடக்கும்.

"சார், ஒண்ணு கேட்கிறேன், கோவிச்சுக்கக் கூடாது. நான் இங்க எதுக்கு உட்கார்ந்திருக்கேன்?"

"காவலுக்கு."

"அப்ப இந்தப் பூட்டெல்லாம்?"

"அது உங்களுக்குக் காவல் அக்கா. வண்டி போச்சுன்னா உங்களைத்தானே பிடிப்பாங்க."

"எனக்குக் காவலா. எங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் என்னை இவ்வளவு பத்திரமாப் பார்த்துக்கிட்டதில்லை."

ஒருநாள் அக்கா அவருக்கு டோக்கன் கொடுக்காமல் பார்த்தார். ஏழுபூட்டு நகரவில்லை. "எனக்கு எதுக்கு டோக்கன்னு நீங்க நினைக்கலாம். முறைன்னு ஒண்ணு இருக்கில்ல" என்று கையை நீட்டிக்கொண்டே நின்றார். வண்டியை அவரே நினைத்தாலும் பத்து நிமிடத்துக்குள் எடுத்துவிட முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

கெட்டது ஆரம்பித்தது நல்ல எண்ணத்தில்தான். அவருக்கு முழங்கால் வலி. எலும்பு டாக்டர், சாப்பிட்ட பிறகு அரை மணி நடக்கச் சொன்னார். ஏழுபூட்டு பன்னிரண்டேமுக்காலுக்குச் சாப்பிட்டு, ஒரு மணிக்கு நடக்க இறங்குவார். வெயில் படாத இடம் சைக்கிள் நிறுத்தம் ஒன்றுதான். அந்த அரை மணி அக்கா அங்கே இருக்க மாட்டார். முக்காலியில் உட்கார்ந்து சாப்பிடக்கூடாது என்பது நிறுத்தத்தை எடுத்து நடத்தும் கான்ட்ராக்டரின் உத்தரவு. பின்பக்கக் குழாயடிக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு ஒன்றரைக்கு வருவார்.

வரிசை வரிசையாக முந்நூறு வண்டி. நடுவில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஏழுபூட்டு. டாக்டர் சொன்னது நடை. அவர் செய்தது பரிசோதனை. முதல் நாளே ஓர் இருக்கையைப் பிடித்துத் திருகினார். அது கையோடு வந்துவிட்டது.

கையோடு வந்துவிட்ட ஓர் இருக்கையை என்ன செய்வது? திரும்ப வைத்துவிட்டுப் போகலாம். பின்னால் வருகிறவன் எடுத்துக்கொண்டு போவான். பூட்டாத பொருள் பாதி திருடுபோன பொருள் என்பது அவர் கொள்கை. இப்படி யோசித்துக்கொண்டே அவர் இரண்டாம் மாடிக்கு வந்திருந்தார். உறை, எண், நோட்டில் ஒரு வரி: 'இருக்கை. பழுப்பு. வலது ஓரம் தையல் விட்டது. பொது நிலை சீர்.' பிறகு ஒரு சீட்டு எழுதி, திரும்பக் கீழே இறங்கி, அந்த வண்டியின் கைப்பிடியில் பசை போட்டு ஒட்டினார்: 'தங்கள் பொருள் பத்திரமாக உள்ளது. பதிவேட்டு அறையில் இச்சீட்டைக் காட்டிப் பெற்றுக்கொள்க.' சாப்பிடுகிறவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று அக்காவிடம் சொல்லவில்லை.

யாரும் வரவில்லை. அதனால் அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. மனிதர்களின் அலட்சியத்துக்கு அது இன்னொரு சான்று ஆயிற்று. ஐந்து வாரத்தில் ஆறு இருக்கை, நான்கு பம்பு, மூன்று மணி, இரண்டு விளக்கு, ஒரு கூடை, ஒரு முன்சக்கரம். முன்சக்கரத்தை எடுத்த பிறகு மிச்ச வண்டி அனாதை மாதிரி நிற்கிறதே என்று மனம் கேட்காமல், தன் பழைய பூட்டு ஒன்றைக் கொண்டுவந்து அதற்குப் போட்டுவிட்டும் போனார்.

"ஒருத்தனும் கேட்டு வரலைம்மா" என்று வீட்டில் மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டார். அந்த அம்மாள் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் தைப்பவர். வாயில் எப்போதும் இரண்டு ஊசி இருக்கும், பேச்சு அதைத் தாண்டித்தான் வரும். "என்ன ஜனங்களோ. சீட் இல்லாம வண்டி ஓட்டிட்டுப் போறாங்க, அது எங்க போச்சுன்னு ஒரு வார்த்தை கேட்க மாட்டேங்கறாங்க."

"நீங்க எதையும் கழட்டாம இருந்துட்டா அவங்க கேட்கவே வேண்டாமே."

"உனக்குப் புரியாது."

"எனக்கு எப்படிப் புரியும். என்னிக்காவது ஒருநாள் என்னையும் கழட்டிப் பையில போட்டுக்குவீங்க. அன்னிக்குச் சீட்டு ஒட்டுங்க, படிச்சுப் பார்க்கிறேன்."

சீட்டை யாரும் ஏன் படிக்கவில்லை என்பதற்குக் காரணம் மிக எளிமையானது. நிறுத்தத்தைப் பெருக்குகிற துப்புரவு அம்மா தினமும் இரண்டு மணிக்கு வருவார். வண்டிகளில் யாராவது விளம்பரம் ஒட்டினால் உடனே கிழித்துவிட வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. சைக்கிள் எடுக்க ஆட்கள் வருவது ஐந்து மணிக்கு. ஆகவே ஏழுபூட்டின் சீட்டுகளை ஐந்து வாரமும் படித்தது குப்பைக்கூடை மட்டும்தான்.

புகார்கள் குவிந்தன. பாதுகாப்பு அதிகாரி ஒரு குழு அமைத்தார். குறிப்பெடுக்க ஏழுபூட்டைப் போட்டார்கள். அவர் அதில் காட்டிய ஊக்கம் அதிகாரியையே கொஞ்சம் கூச வைத்தது. எலும்பு டாக்டரின் இருக்கையும் போயிருந்தது. அவர் வாரக்கணக்கில் நின்றபடியே மிதித்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். படிக்கட்டில் அவரைப் பார்த்தபோது ஏழுபூட்டு நிஜமான வருத்தத்தோடு, "பூட்டணும் டாக்டர். ஒரு கம்பிக் கயிறு, ஒரு சின்னப் பூட்டு. அவ்வளவுதான்" என்றார்.

"எந்த ஊர்லய்யா சீட்டுக்குப் பூட்டு போடறாங்க?"

"நான் போடறேனே."

தான் கழற்றுவதும் திருடன் கழற்றுவதும் ஒன்றாக இருக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றாதது ஏன் என்று கேட்கலாம். தோன்றாது. அவருடையவை ஒப்படைக்கப்பட்ட பொருள்கள்; எண் உண்டு. திருடு போனவற்றுக்கு எண் கிடையாது. இத்தனையைத் தான் காப்பாற்றியும் இவ்வளவு போகிறதே, காப்பாற்றாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றுதான் அவர் நடுங்கினார்.

நடுங்கியவர் ஒரு கண்டுபிடிப்பும் செய்தார். புகார்களையும் நிறுத்தம் காவல் இல்லாமல் இருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்துக் குழுவில் சொன்னார்: "எல்லாத் திருட்டும் ஒண்ணுலேர்ந்து ஒன்றரைக்குள்ளதான் நடக்குது. திருடன் இந்த இடத்தோட நேரம் தெரிஞ்சவன்." அதிகாரி பாராட்டினார். கான்ட்ராக்டரின் ஆள் பாராட்டாமல் எழுதிக்கொண்டார். இரண்டு நாளில் அக்காவுக்குக் கடிதம் வந்தது: பணி நேரத்தில் இடத்தை விட்டு அகன்றதால் திங்கட்கிழமை முதல் வர வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமைக் குழு அதை உறுதி செய்யும்.

புதன்கிழமை காலை அக்கா வழக்கு எதுவும் போடவில்லை. டோக்கனைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தார். ஏழுபூட்டு நான்காவது பூட்டில் கையை நிறுத்தி, "என்ன அக்கா, ஒண்ணும் சொல்லலை" என்றார்.

"என்னத்தைச் சொல்ல. பதினோரு வருஷமா இந்த முக்காலியை விட்டு எழுந்தது அந்த அரை மணிதான் சார். அதுவும் இங்க சாப்பிடாதேன்னாங்க, அதனால எழுந்தேன். இப்ப எழுந்ததுக்குப் போன்னு சொல்றாங்க. எங்க வீட்ல அடுப்பு எரியறது இந்த டப்பாவை நம்பித்தான்."

"நான் இருக்கேன் அக்கா. அந்தத் திருடனை வெள்ளிக்கிழமைக்குள்ள கையும் களவுமாப் பிடிச்சுக் கொடுக்கிறேன்."

சொன்னபடியே செய்தார். அன்று மதியமே பிடித்தார். அதிகாரி முதல்முறையாகப் பொருள்களின் அடையாளத்தோடு புகார்ப் பட்டியலைப் பிரதி எடுக்க அனுப்பியிருந்தார், பதினாறு வரி. முதல் வரி: 'இருக்கை, பழுப்பு, வலது ஓரம் தையல் விட்டது.' நம்மிடமும் இப்படி ஒன்று இருக்கிறதே, இந்தக் கம்பெனித் தையலே சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார். ஐந்தாம் வரி: 'பம்பு, நீலம், கைப்பிடி உடைந்து கட்டுத்துணி சுற்றியது.' பேனா கொஞ்சம் மெதுவாயிற்று. ஒன்பதாம் வரி: 'முன்சக்கரம். மேலும், மிச்ச வண்டிக்குத் திருடன் ஒரு பூட்டும் போட்டிருக்கிறான். கும்பல் பிற்பாடு வந்து எடுத்துச் செல்வதற்காக ஒதுக்கி வைத்ததாகக் கருதப்படுகிறது.'

பேனாவை மூடி வைத்தார். கடைசி அடுக்குக்குப் போய் நோட்டை எடுத்துவந்து பட்டியலின் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். பதினாறும் பொருந்தியது. முப்பத்தோரு வருடத்தில் இரண்டு பதிவேடுகள் இவ்வளவு சுத்தமாகப் பொருந்தி அவர் கண்டதில்லை. நோட்டில் மட்டும் பதினேழாவதாக ஒரு மணி கூடுதலாக இருந்தது. அதற்குப் புகார் இல்லை. அப்போதும்கூட, இந்தப் பதினேழாவது ஏன் பட்டியலில் இல்லை என்பது அவரை உறுத்தியது.

கீழே இறங்கினார். வழியில் தீயணைப்பு விதிகளைப் படிக்கவில்லை. துப்புரவு அம்மா இரண்டாம் வரிசையில் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"இந்த வண்டிங்க மேல சீட்டு ஏதாவது ஒட்டியிருந்ததாம்மா?"

"ஏன் கேட்கறீங்க சார், தினமும் எவனோ ஒருத்தன் வந்து ஒட்டிட்டுப் போறான். பசையைக் கொட்டி ஒட்டறான், சுரண்டிச் சுரண்டி என் நகமே போச்சு. ஆள் யாருன்னு மட்டும் தெரியட்டும்."

"தெரிஞ்சா?"

"அவன் வாயிலயே ஒட்டுவேன்."

ஏழுபூட்டு தலையாட்டிவிட்டு மேலே ஏறினார்.

வியாழக்கிழமை மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மாள் முதல்முறையாக வாயிலிருந்த ஊசிகளை எடுத்து மெஷின்மேல் வைத்தார்.

"பதினேழா?"

"பதினேழு."

"சரி, ஒண்ணும் கெட்டுப்போகலை. ஒரு சாக்கு தைச்சுத் தர்றேன். எல்லாத்தையும் அதுல போட்டு, காலையில ஆள் வர்றதுக்கு முன்னாடி நிறுத்தத்துல வெச்சுட்டு வந்துடுங்க. திருடன் மனசு மாறிட்டான்னு சொல்லிக்குவாங்க."

"அப்ப அக்கா?"

"அவங்களுக்கு என்ன?"

"ஒருத்தன் ஒரு சாக்கு மூட்டையோட உள்ள வந்து வெச்சுட்டுப் போயிருக்கான், அதையும் பார்க்கலைன்னு ஆயிடும். திங்கட்கிழமை அனுப்பறவங்க வெள்ளிக்கிழமையே அனுப்பிடுவாங்க."

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் மெஷின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் உருட்டினார். "அஞ்சு மாசம்தான் பாக்கி இருக்கு" என்றார். பிறகு, "சொல்லத்தான் போறீங்கன்னா சட்டையை மாத்திக்கிட்டுப் போங்க. அந்தச் சட்டையில நீங்க நிஜமாவே திருடன் மாதிரிதான் இருக்கீங்க."

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் குழு கூடியது. நிர்வாக மேடம், பாதுகாப்பு அதிகாரி, எலும்பு டாக்டர், கான்ட்ராக்டரின் ஆள், இன்னும் நான்கு பிரிவுத் தலைவர்கள். கதவோரம் நின்றபடி அக்கா. மொத்தம் ஒன்பது பேர். ஏழுபூட்டு தேய்த்த சட்டையில் எழுந்து நின்றார்.

"எல்லாம் என்கிட்டதான் இருக்கு" என்றார். "நான்தான் கழட்டினேன்."

யாரும் திடுக்கிடவில்லை. காரணம், யாரும் நம்பவில்லை. பாதுகாப்பு அதிகாரி தன் முன்னாலிருந்த அறிவிப்பை ஒருமுறை பார்த்தார், அவரை ஒருமுறை பார்த்தார்.

"உட்காருங்க சார். உங்க நல்ல மனசு எங்களுக்குத் தெரியும். அந்த அம்மாவுக்காகப் பேசறீங்க."

"நான் யாருக்காகவும் பேசலை. பொருளெல்லாம் மாடியில இருக்கு. ஆளை அனுப்பிப் பாருங்க."

ஆள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இருக்கிறது என்றார். எல்லாம் உறையில் இருக்கிறது, ஒவ்வொன்றின்மேலும் எண் இருக்கிறது என்றார். அதிகாரியின் முகம் மலர்ந்தது. அவர் எழுந்து வந்து ஏழுபூட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பிரமாதம் சார். கும்பல் பதுக்கி வெச்ச இடத்தைக் கண்டுபிடிச்சிருக்கீங்க. யாரும் வராத அறை, பழைய அடுக்கு. நான் மேலிடத்துக்கு எழுதும்போதே சொன்னேன், பதுக்கல் கட்டடத்துக்குள்ளதான்னு. மேடம், இவருக்கு ஒரு பாராட்டுக் கடிதம் கொடுக்கணும்."

மேடம் எழுதிக்கொண்டார். பிரிவுத் தலைவர் ஒருவர் கைதட்டினார். மற்றவர்கள் தட்டலாமா வேண்டாமா என்று பார்த்தார்கள். ஏழுபூட்டு அப்படியே உட்கார்ந்திருந்தால் போதும். பாராட்டுக் கடிதத்தோடு ஐந்து மாதத்தில் வீட்டுக்குப் போயிருக்கலாம். அவருடைய பார்வை கதவோரம் போனது. அக்கா அவரைப் பார்க்கவில்லை; டோக்கன் டப்பாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கான்ட்ராக்டரின் ஆள் பேனாவைத் தட்டிக்கொண்டே, "அதெல்லாம் இருக்கட்டும். திருடன் உள்ள வந்து போயிருக்கான், காவலுக்கு இருந்தவங்க பார்க்கலை. எங்க முடிவு எங்க முடிவுதான்" என்றார்.

"திருடன் வரலை" என்றார் ஏழுபூட்டு. "நான்தான் வந்தேன். என்னைப் பார்த்தா யாரு தடுப்பாங்க? அக்கா இருந்திருந்தாலும் வணக்கம் சொல்லி அனுப்பியிருப்பாங்க."

"சார், உங்களுக்கு இருபத்தஞ்சு வயசா?" என்று அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"இல்லை."

"துரிதமான உடல்வாகா?"

"இல்லை."

"பின்னால கும்பல் இருக்கா?"

"என் சம்சாரம் இருக்கா. அவளும் வேண்டாம்னுதான் சொன்னா."

"அப்புறம் எப்படி சார்?"

ஏழுபூட்டு நோட்டை எடுத்து முதலிலிருந்து வாசித்தார். அடையாளம், நாள், நேரம். முதல் வரியிலேயே எலும்பு டாக்டர் நிமிர்ந்து, "அது என்னுது" என்றார். "என்னை நடக்கச் சொன்னது நீங்கதான் டாக்டர்" என்று ஏழுபூட்டு பணிவாகச் சொன்னார். அதிகாரி அசையவில்லை. பட்டியலைப் பிரதி எடுத்தவரே இவர்தான், அதைப் பார்த்து யார் வேண்டுமானாலும் நோட்டில் எழுதிக்கொள்ளலாம் என்றார். பதினாறு வரி முடிந்தது.

"பதினேழு" என்று வாசித்தார் ஏழுபூட்டு. "மணி. வெள்ளி நிறம். மேல் மூடியில் சிவப்பு நட்சத்திரம். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குக்குப் பதிலாகத் தலைமுடி ரப்பர் ஒன்று. பொது நிலை: சத்தம் குறைவு. இதுக்கு மட்டும் புகார் வரலை. யாருதுன்னு எனக்கும் தெரியலை."

பாதுகாப்பு அதிகாரி அறிவிப்பை எடுத்து நான்காக மடித்தார். பிறகு அதைத் திரும்பவும் பிரித்தார்.

"அது என்னுது" என்றார்.

"நீங்க புகார் கொடுக்கலையே" என்றார் மேடம்.

"பாதுகாப்பு அதிகாரியோட மணியே போயிடுச்சுன்னு எப்படி மேடம் எழுதிக் கொடுக்கிறது. நான் யார்கிட்டயும் சொல்லலை." கொஞ்சம் நிறுத்தி, "அந்த ரப்பர் என் பொண்ணோடது. அது எனக்கும் கழட்டினவனுக்கும் மட்டும்தான் தெரியும்" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம் இருந்தது. ஒரு கும்பலை எதிர்பார்த்து ஐந்து வாரம் காத்திருந்தவர் அவர்.

அதன் பிறகு எல்லாம் சீக்கிரம் நடந்தது. திருடனே இல்லாதபோது திருட்டைத் தடுக்கத் தவறியதாக ஒருவரை அனுப்ப முடியாது என்று மேடம் சொன்னார். கான்ட்ராக்டரின் ஆள் சட்டத்தில் அதற்கு ஏதாவது இடம் இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தார், கிடைக்கவில்லை. கடிதம் வாபஸ். அக்கா சாப்பிடும் அரை மணி முக்காலியில் ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஒருவர், ஓய்வுபெறும் வரைக்கும், ஏழுபூட்டு. எச்சரிக்கைக் கடிதமும் ஒன்று உண்டு. அதை அழகாகப் பிரதி எடுத்து உரிய கோப்பில் சேர்க்கும்படி அவரிடமே கொடுத்தார்கள். சேர்த்தார்.

அன்று மதியம் சைக்கிள் நிறுத்தத்தில் கூட்டம். பொருள்களை உரியவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார்கள். ஏழுபூட்டு கேட்கவில்லை. கழற்றியது எப்படியோ அப்படியே மாட்டி ஒப்படைத்தால்தான் பதிவு முடியும். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வண்டியாகக் குனிந்தார். முழங்கால் ஒவ்வொரு முறையும் சத்தம் போட்டது. எலும்பு டாக்டர் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேர் ஏற்கனவே புது இருக்கை வாங்கிப் போட்டிருந்தார்கள்.

"சார், பழசு வேண்டாம், இதுவே நல்லா இருக்கு."

"கொஞ்சம் பொறுங்க. புதுசைக் கழட்டிட்டு, உங்க பழசை மாட்டிடறேன். கையெழுத்துப் போடுங்க. அப்புறம் பழசைக் கழட்டிட்டுப் புதுசை மாட்டித் தர்றேன்."

மாட்டிக் கொடுத்தார். முன்சக்கரத்தை இழந்த நர்ஸ் மட்டும் சக்கரம் வந்த பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அவர் வண்டிக்குப் போட்ட பழைய பூட்டின் சாவியை ஏழுபூட்டு சட்டைப் பை, கால்சட்டைப் பை எல்லாவற்றிலும் தேட வேண்டியிருந்தது. துப்புரவு அம்மா துடைப்பத்தோடு வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "பசை போட்டது நீங்கதானா" என்று மட்டும் கேட்டார். அவர் ஆமாம் என்றார். அந்த அம்மா அவர் வாயையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

கடைசி வண்டியை முடித்து நிமிர்ந்தபோதுதான் ஏழுபூட்டு தன் சைக்கிளை நினைத்தார். காலையில் குழு அவசரத்தில் ஒரு பூட்டும் போடாமல், தூணில் சாய்த்துவிட்டுப் போயிருந்தார். ஓடினார், அவரால் ஓடக்கூடிய அளவுக்கு. வண்டி இருந்தது. மணி இல்லை.

அக்கா முக்காலியில் உட்கார்ந்து வேறு எங்கோ பார்த்துக்கொண்டு ஒரு டோக்கனை நீட்டினார்.

"இது எதுக்கு?"

"பூட்டாம விட்டுட்டுப் போயிட்டீங்களே. பத்திரமா எடுத்து வெச்சேன்." டப்பாவுக்குள்ளிருந்து மணி ஒருமுறை ஒலித்தது. "கேட்டு வாங்கிக்கணும் சார். முறைன்னு ஒண்ணு இருக்கில்ல."

அறிவிப்பு இன்னும் இரண்டு மாதம் அந்த மூன்று இடத்திலும் இருந்தது. ஒட்டுவதற்கு உத்தரவு இருந்தது, கிழிப்பதற்கு இல்லை. துப்புரவு அம்மாகூட அதை விட்டுவைத்தார். தினமும் ஒரு மணிக்கு முக்காலியில் வந்து உட்காருகிறவருக்கு, அது நேராகத் தலைக்கு மேலே இருந்தது. அவருக்கு வயது இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் இல்லை. பின்னால் கும்பலும் இல்லை.

அவர் செய்தது இவ்வளவுதான்: ஐந்து வாரத்தில் மற்றவர்களின் சைக்கிள்களிலிருந்து பதினேழு பொருள்களைக் கழற்றினார். கழற்றியது தான்தான் என்று ஒன்பது பேர் முன்னால், அவர்கள் நம்பும்வரை சொன்னார். அன்று மதியமே பதினேழையும் திரும்ப மாட்டிக் கொடுத்தார்.